பார்த்தே எழுதிய அளவு

"அக்கா, நல்லா மெலிஞ்சிட்டீங்கள்! என்ன செய்தனீங்கள்? எங்களுக்கும் சொல்லுங்கோவன்."

ஆஸ்பத்திரியால் வந்து ஆறு கிழமைக்குப் பிறகு தையல் மெசினில் திரும்ப இருந்த முதல் நாள், முதலாவதாக வந்த வாடிக்கைக்காரி இப்படித்தான் கேட்டார். வயிற்றுக்குள்ளிருந்து ஐந்து கிலோக் கட்டி ஒன்றை வெட்டி எடுத்தார்கள் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு என் இடுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எண்டாலும் இப்பதான் வடிவு" என்றார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடந்தபடி சலம் போன நாட்களிலும், குழாய் வழியே இரத்தத் தண்ணீர் பைக்குள் இறங்கியதைப் பார்த்தபோதும் வராத குமட்டல். அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். வடிவாக எழுத எனக்கு வராது, கோபமாக எழுத வரும்.

என் பெயர் ஜெசிந்தா. வயது ஐம்பத்திரண்டு. பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு சாறிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறேன். வீடு நகருக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில். கணவர் அருள் ஓர் உணவகத்தில் சமையல். மகள் செலின் இங்கே பிறந்தவள், அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். சரியான கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும்.

என்னிடம் ஓர் அளவுக் கொப்பி இருக்கிறது. மார்பு, இடுப்பு, கை, தோள் எல்லாம் அங்குலத்தில் எழுதிவைப்பேன். பெயருக்குப் பக்கத்தில் ஆளை நினைவு வைக்க ஓர் அடையாளமும் எழுதுவேன். எங்கள் கடை இருக்கிற லா சப்பலில் எத்தனை கௌரி, எத்தனை சுபாசினி! ஆகவே "மெல்லிசு", "வெள்ளை", "மொத்தம்", "கறுப்பு" என்று போட்டுக்கொள்வேன். மொத்தம் என்றால் எங்கள் பேச்சில் பருமன். எனக்குத் தொழில் பழக்கியவரும் அப்படித்தான் எழுதினார், பக்கத்துக் கடைத் தையல்காரரும் அப்படித்தான் எழுதுகிறார். மொத்தம், கறுப்பு இரண்டும் சேர்ந்த பெண்களுக்குக் கையை நீளமாக வெட்டுவேன், மங்கல் நிறத்தில் துணி எடுக்கச் சொல்லுவேன். அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் அருளின் தங்கை மகளுக்குக் கலியாணம். செலினுக்கும் எனக்கும் சட்டை தைக்க வேண்டியிருந்தது. கொப்பியில் ஒரு பக்கத்தில் மேலே அவளுடைய அளவு, கீழே வழமையான என் அளவு. தைத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் கொளுக்கி பூட்டவில்லை, கையோ தொளதொளவென்று கிடந்தது. பதினெட்டு வருடமாக என் சட்டையை நானே தைக்கிறேன், பிழை வந்ததில்லை. திரும்ப அளந்தேன். அடுத்த மாதமும் அளந்தேன், அதற்கடுத்த மாதமும், இப்படி ஒன்பது மாதம். இடுப்பு முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொன்றரை என்று ஏறிக்கொண்டு போனது. கைச் சுற்றளவு பதினான்கு, பதின்மூன்றரை, பதின்மூன்று என்று இறங்கியது.

உடம்பு வைத்தால் கையும் வைக்கும், கழுத்தும் வைக்கும். எத்தனை பேரை அளந்திருப்பேன்! கை மெலிய வயிறு மட்டும் ஏறுகிறதென்றால் ஒன்றில் பிள்ளைத்தாச்சி, இல்லாவிட்டால் ஏதோ வருத்தம். எனக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம்.

எங்கள் குடும்ப வைத்தியரிடம் மூன்று தரம் போனேன். முதல் தரம் சோற்றைக் குறைக்கச் சொன்னார். இரண்டாம் தரம் நிறையை உயரத்தோடு கணக்குப் பார்த்து வந்த இலக்கத்தைத் திரையில் காட்டி, "ஒபேஸ்" என்றார். அதாவது அளவுக்கு மிஞ்சிய பருமன். உங்கள் நாட்டுப் பெண்கள் ஐம்பதுக்குப் பிறகு எல்லாரும் இப்படித்தான், எண்ணெயும் சோறும் என்று சிரித்தார். மூன்றாம் தரம் கொப்பியைக் கொண்டுபோய் நீட்டினேன். "மதாம், இது தையல் கொப்பி" என்று ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். மூன்று தரத்தில் ஒருதரம்கூட அந்த மனுசன் என் வயிற்றில் கை வைக்கவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாரோ தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சட்டையொன்றை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றேன். வலது பக்கத்தில் யாரோ குடலைப் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினார்கள். நிலத்தில் விழுந்துவிட்டேன். கடைக்காரர் அவசர வண்டியைக் கூப்பிட்டார். வந்த இரண்டு பேரில் ஒருவன் மற்றவனிடம், இதைத் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றான். மற்றவன் சிரித்தான். எனக்குப் பிரெஞ்சு விளங்காதென்று நினைத்திருப்பார்கள். எனக்கு விளங்கும். "இதை" என்று சொன்னது நல்லா விளங்கியது.

அவசரப் பிரிவில் நான்கு மணித்தியாலம் காத்திருந்தேன். கைப்பிடி வைத்த ஒடுங்கின கதிரைகள், எனக்கு இடுப்பு நுழையவில்லை. நின்றுகொண்டிருந்தேன். அருள் வேலைச் சட்டையோடு, வெங்காய மணத்தோடு ஓடிவந்தார். தன்னுடைய மேலங்கியை மடித்து நிலத்தில் போட்டு, "இதில இரும்" என்றார். அத்தனை பேருக்கும் முன்னால் நிலத்தில் இருந்தேன்.

பிறகு ஒரு தாதி வந்து கேட்டாள், நோவு எவ்வளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்லுங்கள் என்று. பத்து என்றால் இதைவிட மோசமாக ஒன்றும் இருக்க முடியாத நோவாம். நான் "நாலு" என்றேன்.

ஏன் நாலு? இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்ட வேண்டும்போல இருக்கிறது. அந்நிய மனிதருக்கு முன்னால் கத்திக் குழறக்கூடாது, வைத்தியருக்கு வேலை வைக்கக்கூடாது, "இப்ப பரவாயில்லை" என்றே சொல்ல வேண்டும். எங்களை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்! விருந்துக்குப் போன இடத்தில் முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்கிற பழக்கத்தில் நோவையும் குறைத்துச் சொன்னேன். உண்மையில் ஒன்பது.

இளம் வைத்தியன் ஒருவன் வந்தான். திரைச்சீலைக்கு வெளியே நின்று தாதியோடு கதைத்தது எனக்குக் கேட்டது. "மத்தியதரைக்கடல் நோய்" என்றான். பருமனான வயிறு, அமத்திப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, மலச்சிக்கலாக இருக்கும் என்றான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கும் மத்தியதரைக்கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நோவுக்குள்ளும் யோசித்தேன். இரண்டு குளிசையைத் தந்து வீட்டுக்குப் போகச் சொன்னான்.

அருள் பெரிதாகக் கதைக்கிற மனுசன் இல்லை. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் சம்மாணம் கட்டி இருந்துவிட்டார். "நாங்கள் போகேல்லை" என்று தமிழில் சொன்னார். பிரெஞ்சில் கேட்டார்கள், அதற்கும் தமிழிலேயே, "போகேல்லை எண்டால் போகேல்லை." கடைசியில் அலுப்புத் தாங்காமல், விடியும்வரை கவனித்துப் பார்ப்போம் என்று மேல் மாடியில் ஒரு கட்டில் தந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில், கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். என்னைவிடப் பருமன், என்னைவிடக் கறுப்பு. திரையை விலக்கி அவரைப் பார்த்ததும் என் மனம் தன்பாட்டில் எழுதியது: மொத்தம், கறுப்பு. அதோடு நிற்கவில்லை. இவவுக்குப் பக்கத்திலயா என்னைப் போட்டவை என்றும் நினைத்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி.

அவர் பெயர் ரெஜின். மூச்சு வாங்குகிறதென்று வந்தவரை உடம்பைக் குறையுங்கள் என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் தரம் பார்த்தால் நுரையீரலில் இரத்தக் கட்டி. காலில் உறைந்த இரத்தம் மேலே ஏறி மூச்சுக் குழாயை அடைப்பதுபோல அடைக்கும், ஆளைக் கொன்றுவிடும் என்று அவரே விளக்கினார். மத்தியதரைக்கடல் நோய் என்றால் என்ன என்று கேட்டேன். சிரித்தார், சிரிப்பில் இருமினார்.

அரபுக்காரர், கறுப்பர், நீ, நான் எல்லாரும் ஒன்றுமில்லாத நோவுக்குக் குழறுகிற ஆட்கள் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது என்றார். அதனால் நீ சொல்லுகிற இலக்கத்தைப் பாதியாக்கித்தான் எடுப்பார்களாம்.

நாலில் பாதி இரண்டு. நானும் வெட்டினேன், அவர்களும் வெட்டினார்கள்.

ரெஜின் ஓய்வு பெறும்வரை அருங்காட்சியகம் ஒன்றில் காவலுக்கு நின்றவர். அங்கே வேலை செய்ததில் தனக்குத் தெரிந்ததென்று ஒரு கதை சொன்னார். முன்னொரு காலத்தில் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, அவளுடைய பெரிய பின்பக்கத்தை இதே பாரிஸில் காசுக்குக் காட்டினார்களாம். இளம் வயதில் செத்துப்போனாள். செத்த பிறகும் விடவில்லை. படித்த பெரிய மனிதர்கள் அவளை வெட்டி, எலும்பை எடுத்து, உடம்பை அச்சு வார்த்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ரெஜின் பிறந்து வளர்ந்த காலத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போய்ப் பார்த்தார்களாம். பருமன் என்றால் காட்டுத்தனம், காட்டுத்தனம் என்றால் கறுப்பு. மெலிவு என்றால் கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்றால் வெள்ளை என்று புத்தகம் புத்தகமாக எழுதி வைத்தார்களாம்.

"எங்கட தீவில கரும்பு வெட்டினது ஆர்? எங்கட ஆக்கள், சங்கிலியோட. சீனியைத் திண்டது ஆர்? அவை. பெருந்தீனிக்காரர் எண்டு எழுதினது ஆரை? எங்களை." அவர் பிரெஞ்சில் சொன்னது. என் காதில் இப்படித்தான் விழுந்தது.

அருவருப்பாக இருந்தது. செத்தவளின் உடம்பையும் விடாமல் அளந்து எழுதிய கைகளை நினைத்தேன். அந்தக் கைகளில் அளவு நாடா இருந்திருக்கும். என்னுடைய கைப்பையிலும் ஒரு நாடா இருந்தது.

காலமை செலின் கொப்பியோடு வந்தாள். நான்தான் எடுத்துவரச் சொன்னேன். "அம்மா, இவையள் பாக்கமாட்டினம்" என்றாள். தமிழில் சொன்னாள், அவ்வளவு கோபம். நல்லகாலத்துக்கு அன்றைக்கு வேறு வைத்தியர், ஒரு பெண். முடி நரைத்தவர். கொப்பியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னுடைய வரிகளின் மேல் விரலை ஓட்டினார். இலக்கங்கள்தானே, மொழி தேவையில்லை.

"யார் அளந்தது?"

"நான்தான். தொழில்."

"ஒன்பது மாதமாகவா?"

கொப்பியை வைத்துவிட்டு என் வயிற்றில் கை வைத்தார். ஒன்பது மாதத்தில் வயிற்றைத் தேடி வைத்த முதல் வைத்தியக் கை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நோகுதா என்று கேட்டார். "ஒன்பது" என்றேன்.

அரை மணித்தியாலத்தில் எக்கோ எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த கூழைப் பூசி, ஒரு சின்னக் கருவியை உருட்டுவார்கள். சத்தம் போய் உள்ளே பட்டுத் திரும்புவதைத் திரை படமாக்கிக் காட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய கறுப்பு வட்டம் ஒன்று. வலது சூலகத்தில், அதாவது கருமுட்டை இருக்கிற பையில், தண்ணீர்க் கட்டி வளர்ந்து வயிற்றை நிரப்பியிருக்கிறது. பாரம் தாங்காமல் தண்டோடு முறுகிவிட்டது. இரத்தம் போகவில்லை, அழுகத் தொடங்கியிருக்கும் என்றார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் என்று செலின் கேட்டாள். அந்த வைத்தியர் உடனே சத்திரசிகிச்சை அறைக்கு ரெலிபோன் எடுத்தார்.

கொண்டுபோக ஆயத்தப்படுத்துகிறபோது ரெஜின் கொப்பியைக் கையில் எடுத்துப் புரட்டினார். எழுத்து வடிவாக இருக்கிறது, கொடிபோல இருக்கிறது என்றார். பெயர்களுக்குப் பக்கத்தில் இதென்ன சொல், எல்லா இடத்திலும் வருகிறதே என்று கேட்டார்.

"துணியின் நிறம்" என்றேன்.

பொய் சொல்லிவிட்டுத்தான் மயக்க மருந்துக்குள் போனேன்.

கண் விழித்தபோது அருள் என் காலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலுக்குச் சிவப்பு, மற்றதுக்கு நீலம். வீட்டில் இருட்டில் எடுத்தாராம். தூக்குச்சட்டியில் கஞ்சி. தாதி வேண்டாம் என்றதும் அவர் அதை ரெஜினுக்குக் கொடுத்தார். ரெஜின் மிளகு கூடிப்போச்சு என்று சொல்லிச் சொல்லிக் குடித்து முடித்தார்.

பிறகு பன்னிரண்டு நாள். கட்டியை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள், புற்றா இல்லையா என்று பார்க்க. அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி அதிகம் எழுத ஏலாது. ரெலிபோன் அடித்தால் ஓடுவேன், அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். செலின் ஒருநாள் கட்டிலில் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, குடும்ப வைத்தியர் காட்டிய அந்த நிறை-உயரக் கணக்கைப் பற்றி வாசித்ததைச் சொன்னாள். நெடுங்காலத்துக்கு முந்தி ஒரு பெல்ஜியக்காரர், இந்த ஐரோப்பியரின் உடம்புகளைக் கணக்கெடுத்துச் சராசரி மனிசன் எப்படியிருப்பான் என்று பார்க்கப் போட்ட கணக்காம். தனி ஆளின் வருத்தத்தைப் பார்க்க அவர் அதைச் செய்யவில்லையாம். "இவையின்ர சராசரியில நாங்கள் எங்கையம்மா இருந்தம்?" என்றாள்.

புற்று இல்லை என்று வந்தது. அருள் தேவாலயத்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். நான் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்தேன். முதல் வரியே, "ஐம்பத்திரண்டு வயது, இலங்கையைச் சேர்ந்த, பருமனான பெண், நோவை மிகைப்படுத்திக் காட்டுபவர்." கட்டி மூன்றாம் பந்தியில்தான் வந்தது. நாலு என்று சொன்னவள் மிகைப்படுத்துகிறவளாம்! கடிதத்தைக் கசக்கி எறியப் போனேன். செலின் பறித்து வைத்துக்கொண்டாள்.

"முறைப்பாடு எழுதுவம்" என்றாள். "உங்கட கொப்பிதான் சாட்சி. ஒன்பது மாசம் நீங்கள் எழுதியிருக்கிறீங்கள். அந்தக் குடும்ப வைத்தியர் அதைத் தள்ளிவிட்டவர்."

இங்கே தமிழ்க் காகிதம் எதுவானாலும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அகதி வழக்கு எல்லாம் அவர்களின் முத்திரையோடுதான் செல்லும். ரூ பெர்தொனேக்குப் பக்கத்தில் மாடியில் அப்படியொரு மொழிபெயர்ப்பாளர் ஐயா இருக்கிறார், எங்கள் கலியாணச் சான்றிதழும் அவர் கையால் போனதுதான். அந்தச் சட்டமும் எனக்குத் தெரியும்: பக்கத்தில் உள்ளதெல்லாம் மொழிபெயர்க்க வேண்டும், ஒரு சொல் விட முடியாது. தெரிந்தும் அந்தப் பக்கத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். அல்லது மறக்க விரும்பினேன்.

ஐயா பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு செலினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, மேல் வரியும் போடோணுமோ? வேணுமெண்டால் மடிச்சுப்போட்டு போட்டோக் கொப்பி எடுக்கலாம்" என்றார்.

செலின் கொப்பியை வாங்கினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளுடைய விரல் தன் பெயரிலிருந்து பக்கத்துச் சொற்களுக்கு நகர்ந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

"செலின். மொத்தம். கறுப்பு."

"பிள்ளை, அது தொழிலுக்கு எழுதிறது, எல்லாருக்கும் அப்பிடித்தான்..." என்று தொடங்கினேன். குடும்ப வைத்தியரின் குரலில் நானே கதைப்பது எனக்குக் கேட்டது, நிறுத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. இலக்கத்தில் விரலை வைத்தாள். "இடுப்பு முப்பத்தாறு. இது பிழை. அந்தச் சட்டை எனக்குத் தொளதொளவெண்டு இருந்தது. ஊசி குத்தித்தான் கலியாணத்துக்குப் போட்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னை அளக்கவேயில்லையே அம்மா. நான் கதவடியில நிண்டனான். நீங்கள் பாத்திட்டு எழுதினீங்கள்."

உண்மை. மெசினில் இருந்தபடியே, நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்கி ஒருதரம் பார்த்தேன். என் சொந்தப் பிள்ளை. மொத்தம் என்று முதலே எழுதிவைத்த கண்ணுக்கு முப்பத்தாறுதான் தெரிந்தது.

ஐயா பேனாவை மூடித் திறந்தார். "என்ன செய்யிறது அக்கா? விடுறதோ?"

செலின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொப்பியை நீட்டியபோது நான் அந்த நரைமுடி வைத்தியரை எப்படிப் பார்த்திருப்பேன், அப்படி.

"உள்ளபடி போடுங்கோ ஐயா," என்றேன். "கீழ, இது பாத்தே எழுதினது, அளக்கேல்லை எண்டும் போடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."